காற்றை அளந்தவர்கள் – 14: மலை தாண்டி வரும் காற்று

கை டாக் விமான நிலையத்தின் ஓடுபாதை விளக்குகள் 1998 ஜூலை 6 அதிகாலையில் கடைசியாக அணைந்தன. அன்றிரவே சாலை வழியாகவும் தோணி வழியாகவும் ஒரு விமான நிலையம் முழுக்க வீடு மாறியது. விடிந்தபோது ஹாங்காங் ஒரு தீவிலிருந்து பறந்துகொண்டிருந்தது.

கை டாக்கில் இறங்குவது விமானிகளுக்கு ஒரு பரீட்சை. குன்றின்மேல் கட்டம் கட்டமாகத் தீட்டியிருந்த சதுரங்கப் பலகையைக் குறிவைத்து வர வேண்டும். அது கண்ணுக்குத் தெரிந்ததும் 47 டிகிரி வலப்பக்கம் திரும்பி, அடுக்குமாடிகளின் தலையை உரசுவதுபோல் தாழ்ந்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை ஓடுபாதையில் சக்கரத்தை வைக்க வேண்டும். புதிய நிலையத்தில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. செக் லாப் கோக், லாம் சாவ் என்ற இரண்டு தீவுகளைச் சீவிச் சமமாக்கி, கடலைத் தூர்த்து, 1,248 ஹெக்டேரில் எழுப்பிய இடம் அது. நேராக வரலாம், நேராகப் போகலாம். ஓடுபாதையின் இரு முனைகளுக்கு அப்பாலும் தண்ணீர்தான்.

தெற்கே மட்டும் ஒரு மலை.

லான்டாவ் தீவின் முதுகெலும்பு அது. பெரிய சிகரம் 934 மீட்டர், அடுத்தது 869 மீட்டர். நடுவே கணவாய்கள் பாதி உயரத்துக்கும் கீழே இறங்கிக் கிடக்கின்றன. ஒரு மேட்டில் 1993-ல் நிறுவிய 34 மீட்டர் வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். விமானத்தின் சன்னலிலிருந்து பார்க்க அழகான மலை. விமானம் எதிலும் மோதாமல் இறங்கப் போதிய தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மலையைத் தாண்டி வரும் காற்று மலையோடு நின்றுவிடுவதில்லை.

தொடரை நடுவிலிருந்து படிக்க வந்தவர்களுக்காகச் சென்ற இரண்டு அத்தியாயங்களைச் சுருக்கிவிடுகிறேன். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66, இடிமழைக்குள் புகுந்து ஓடுபாதைக்கு எட்டாமலே விழுந்தது. 124 பேரில் 113 பேர் இறந்தனர். அதற்குச் சற்று முன் அதே பாதையில் இறங்கிய சரக்கு விமானத்தின் கேப்டன், காற்று மிக மோசம், ஓடுபாதையை மாற்றுங்கள் என்று கோபுரத்திடம் சொல்லியிருந்தார். தரையில் நட்டிருந்த காற்றுமானியோ ஓடுபாதை நெடுக ஒழுங்கான எதிர்க்காற்று என்றது. கோபுரம் காற்றுமானியின் பக்கம் நின்றது.

அந்த விபத்தை ஆராயச் சிகாகோவிலிருந்து அழைக்கப்பட்டவர் டெட்சுயா ஃபுஜிதா. 1945-ல் அவர் கொகுராவுக்குப் பக்கத்தில் கல்லூரி ஆசிரியர். ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விழ வேண்டிய ஊர் கொகுராதான். அன்று ஊரை மேகமும் புகையும் மறைத்திருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு நாகசாகி போய்ப் பார்த்த ஃபுஜிதா, குண்டு வெடித்த புள்ளிக்கு நேர்கீழே மரங்கள் நின்றவாறே கருகியிருந்ததையும், சுற்றியிருந்தவை வெளிப்பக்கமாக நட்சத்திர வடிவில் சாய்ந்து கிடந்ததையும் மனத்தில் பதித்துக்கொண்டார். 1974-ல் அமெரிக்கக் காடொன்றில் புயலுக்குப் பின் அதே நட்சத்திரத்தைக் கண்டார். மேகத்திலிருந்து காற்றுத் தூண் ஒன்று தரையில் கொட்டி நாலாபுறமும் சிதறியிருக்கிறது என்பது அவர் முடிவு. சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1978-லும் 1982-லும் காற்றின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடார்களை வயல்வெளிக்குக் கொண்டுபோய்ப் படம் பிடித்துக் காட்டினார். மைக்ரோபர்ஸ்ட் என்று அவர் வைத்த பெயர் நிலைத்தது. 1985-ல் டல்லாஸில் டெல்டா 191 விழுந்து 137 உயிர்கள் போனபின், விமான நிலையங்களுக்கென்றே தனி டாப்ளர் ரேடார் அமெரிக்காவில் வந்தது.

ஆக, 1990களின் நடுவில் வானிலைக்காரர்களிடம் ஒரு தீர்க்கமான பாடம் இருந்தது. கெட்ட காற்று இடிமேகத்திலிருந்து வரும். இடிமேகத்தில் மழை இருக்கும். மழைத்துளியை ரேடார் பார்க்கும். ஹாங்காங்கும் அந்தப் பாடத்தைக் கற்று, விமான நிலையத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் தாய் லாம் சுங் என்ற இடத்தில் ரேடாரை நிறுவிவிட்டுத்தான் நிலையத்தைத் திறந்தது.

திறந்ததும் விமானிகள் விண்ட்ஷியர் என்று புகார் சொல்லத் தொடங்கினார்கள். புகார் வந்த நாள்களில் பல, மேகமே இல்லாத நாள்கள்.

விண்ட்ஷியர் என்ற சொல்லுக்கு ‘காற்று வெட்டு’, ‘காற்றுத் துணிப்பு’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் நம்மிடம் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குள் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் காற்றுக்குப் பெயர் வைக்கும் தேவை, நொடிக்கு 72 மீட்டர் கடக்கும் ஊர்தி வரும்வரை யாருக்கும் வரவில்லை போலும்.

இறங்க வரும் பெரிய ஜெட்டின் வேகம் ஏறத்தாழ 140 நாட். இது காற்றைப் பொறுத்த வேகம். இறக்கையைத் தூக்கிப் பிடிப்பது இந்த வேகம்தான், தரையைப் பொறுத்த வேகத்துக்கு அதில் பங்கில்லை. எதிரே 25 நாட் காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அது சட்டென்று 5 நாட்டாகக் குறைந்தால், நூறு டன்னுக்கு மேலான விமானம் உடனே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. இறக்கை உணரும் வேகம் 120-க்கு இறங்கிவிடும். விமானம் தாழும். விமானி விசையைத் தள்ளினாலும் ஜெட் எஞ்சின் சுழன்று வலுப்பெறச் சில நொடிகள் ஆகும். தரைக்கு 100 மீட்டர் மேலே அந்தச் சில நொடிகள் விலைமதிப்பானவை. மாறாக எதிர்க்காற்று திடீரென்று கூடினால் விமானம் மேலெழும், ஓடுபாதையின் தலைப்பைத் தாண்டிப் போகும். இரண்டுமே விண்ட்ஷியர்தான். 15 நாட் அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் சில நொடிகளுக்கு மேல் நீடித்தால் எச்சரிக்கைக்கு உரியது என்பது கணக்கு. அதைவிடக் குறுகிய உலுக்கல்களைக் கொந்தளிப்பு என்று தனியாக எண்ணுவார்கள்.

இனி மலைக்கு வருவோம். வசந்த காலத்தில் ஹாங்காங்கில் கிழக்கு, தென்கிழக்குக் காற்று. கடலின்மேல் குளிர்ந்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் அடுக்காகப் படிந்திருக்கும். கனமான அந்தக் கீழடுக்கு மலையில் ஏறித் தாண்ட விரும்பாது, கணவாய்களைத் தேடும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவாயைத் தாண்டியதும் காற்று ஒரு வேக நாடாவாகப் பீறிடும். சிகரத்துக்குப் பின்னாலோ ஓடையில் பாறைக்குப் பின்னால் தேங்கும் நீரைப்போல மந்தமான காற்று சுழன்றுகொண்டிருக்கும். வேக நாடா, மந்தப் பட்டை, மறுபடி வேக நாடா. இவை கைவிரல்களைப்போல வடக்கே கடலின்மேல் நீண்டு, இறங்குபாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. ஒவ்வொன்றும் சில நூறு மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம். விரல்கள் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. முன்னால் போன விமானம் சுகமாக இறங்கும், இரண்டு நிமிடம் கழித்து வந்தது வேறு காற்றைச் சந்திக்கும்.

மலை போதாதென்று கடற்காற்றும் சேரும். கிழக்குக் காற்று வீசும் தெளிந்த நாளின் பிற்பகலில், மேற்கேயிருந்து கடற்காற்று மெல்ல நுழையும். ஓடுபாதையின் ஒரு முனையில் காற்றுக்கூம்பு ஒரு திசையைக் காட்ட, மறுமுனையில் எதிர்த்திசையைக் காட்டும். நடுவில் எங்கோ இரு காற்றும் முட்டிக்கொள்கின்றன.

ஹாங்காங் வானாய்வகம் பின்னர் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே சுமார் 500 விமானங்களில் ஒன்று குறிப்பிடத்தக்க விண்ட்ஷியரைச் சந்தித்ததாக அறிவித்தது. அவற்றில் பெரும்பகுதி மலையால் வந்தவை, அடுத்த பங்கு கடற்காற்றுடையது. இடிமேகம் இந்த ஊரில் சிறுபான்மை. நியூயார்க்கும் டல்லாஸும் உயிர்கொடுத்துக் கற்பித்த பாடம் லான்டாவ் மலையடிவாரத்தில் பாதிதான் செல்லுபடியானது. பழைய கண்டுபிடிப்பின் வெற்றியே புதிய கண்ணை மறைப்பது இந்தத் தொடரில் நாம் பலமுறை பார்த்த கதை.

ரேடார் என்ன செய்யும், பாவம். அதன் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். மழைத்துளி அதற்குப் பெரிய பொருள். தெளிந்த வானில் மிதக்கும் தூசும் உப்புத்துகளும் அதற்கு இல்லாத பொருள்கள். பூச்சிக் கூட்டம் பறந்தால் ஏதோ கொஞ்சம் தெரியும். காற்றை நேராக யாராலும் பார்க்க முடியாது, காற்று எதைச் சுமந்து போகிறதோ அதைத்தான் பார்க்க முடியும். தூசைப் பார்க்க வேண்டுமானால் தூசின் அளவுக்கு நுண்ணிய அலை வேண்டும். அதாவது ஒளி.

1960-ல் லேசர் பிறந்து நான்கே ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யே, கம்மின்ஸ் இருவரும் குழாய்க்குள் ஓடும் நீரின் வேகத்தை லேசரின் டாப்ளர் மாற்றத்தால் அளந்தார்கள். நீரில் முடிந்தது காற்றில் முடியாதா? அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையத்தில் மில்டன் ஹஃபேக்கர் அதைத் துரத்தினார். அன்றைய கருவி கார்பன் டை ஆக்சைடு லேசர். அலைநீளம் 10.6 மைக்ரான், உருவம் ஆய்வுக்கூடத்தை அடைத்துக்கொள்ளும். 1970களில் பெரிய விமானங்கள் தமக்குப் பின்னால் விட்டுச் செல்லும் சுழல்களை விமான நிலையத்தில் அது அளந்து காட்டியது. 1990களின் தொடக்கத்தில் நாசா ஒரு போயிங் 737-ல் ரேடார், ரேடாரின் வேலையை லேசர் ஒளியால் செய்யும் லைடார், அகச்சிவப்புக் கருவி மூன்றையும் ஏற்றி, ஆர்லாண்டோவிலும் டென்வரிலும் மைக்ரோபர்ஸ்ட்களைத் தேடித் தேடி அவற்றுக்குள் பறந்தது. விமானத்தின் மூக்கில் வைக்கும் கருவிக்கான அந்தப் போட்டியில் வென்றது ரேடார். அது மலிவு, மழையிலும் வேலை செய்யும், மூக்கில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. லைடார் தோற்றது என்று அப்போது எழுதியவர்கள் உண்டானால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹஃபேக்கர் 1984-லேயே கொலராடோவில் கோஹரன்ட் டெக்னாலஜீஸ் என்று ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார். அங்கே தூலியம் கலந்த படிகத்தால் 2 மைக்ரான் அலைநீளத்தில் துடிக்கும் லேசர் உருவாகிக்கொண்டிருந்தது. 2 மைக்ரான் ஒளியைக் கண்ணின் முன்பகுதி நீரே உறிஞ்சிவிடும், விழித்திரைவரை போகாது. விமானிகள் எதிரே வரும் வானத்தில் லேசரைச் செலுத்த வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்தக் கருவி காற்றின் வேகத்தை எப்படிப் படிக்கிறது என்று சொல்லாமல் போனால் தொடரின் பெயருக்கு அவமரியாதை. ஒரு துடிப்பு ஒளி புறப்படுகிறது. வழியில் தூசும் உப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பது தூரத்தைச் சொல்லிவிடும். தூசு நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் திரும்பும் ஒளியின் அதிர்வெண் கூடும், விலகிப் போனால் குறையும். எவ்வளவு? 2 மைக்ரான் ஒளி நொடிக்கு 150 லட்சம் கோடி முறை அதிர்கிறது. காற்று நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அதில் 10 லட்சம் மாறுகிறது. 15 கோடியில் ஒரு பங்கு. இதை எந்த மானியாலும் நேராக எண்ண முடியாது.

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒத்துப்போகும்போது ஒலி ‘வ்வோம்… வ்வோம்…’ என்று அலைபாயும். சுருதி சேரச் சேர அந்த அலை மெதுவாகி மறையும். தந்திகள் எத்தனை முறை அதிர்கின்றன என்று காதுக்குத் தெரியாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் துல்லியமாகத் தெரியும். லைடாரும் அதைத்தான் செய்கிறது. திரும்பி வந்த ஒளியைத் தன்னிடமே வைத்திருக்கும் மாறாத லேசர் ஒளியோடு கலந்து, அலைபாய்வை மட்டும் எண்ணுகிறது. தூசு தனித்தனியாக வலுவற்றது என்பதால் நொடிக்கு 500 துடிப்புகளை அனுப்பிச் சராசரி எடுக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டருக்கு ஒரு அளவீடாக, நல்ல நாளில் 10 கிலோமீட்டர்வரை பார்க்கிறது.

2002-ன் நடுவில் ஹாங்காங் வானாய்வகம் அதில் ஒன்றை வாங்கி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வளாகத்தின் கூரையில் ஏற்றியது. விமான நிலையத்தில் விண்ட்ஷியர் எச்சரிக்கைக்கென்று ஒரு டாப்ளர் லைடார் நிறுவப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. 1883-ல் பிறந்த வானாய்வகம் அது. புயல் எச்சரிக்கைக்குப் பெயர் பெற்றது. அதன் விஞ்ஞானிகள் ஷுன் சி-மிங், சான் பாக்-வாய் முதலியோரின் பெயர்கள் இனி வரும் பத்து ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும். ஷுன் பின்னர் வானாய்வகத்தின் இயக்குநரானார், பிற்காலத்தில் சானும் அதே நாற்காலிக்கு வந்தார்.

கருவி வந்ததும் முதலில் கிடைத்தவை படங்கள். கணவாய்களிலிருந்து பீறிடும் வேக நாடாக்களும் சிகரங்களுக்குப் பின்னால் சுழலும் மந்தப் பட்டைகளும் வண்ணத்தில் தெரிந்தன. அதுவரை கணக்கிலும் ஊகத்திலும் இருந்த காற்றின் விரல்கள் திரையில் ஓடின. வானிலையாளர்கள் திரையைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே எச்சரிக்கை எழுதினார்கள். அறிவுக்கு அது விருந்துதான். கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளருக்கோ படம் எதற்கு? இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் வரும் நிலையத்தில் அவருக்கு வேண்டியது ஒரு வரி.

இங்கேதான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. ரேடாரைப்போல் லைடாரும் ஒரு கோணத்தில் நின்று வட்டமாகச் சுழன்று வானத்தைத் துழாவியது. பிறகு கோணத்தை மாற்றி இன்னொரு வட்டம். வானத்தை அளக்க அது சரியான முறை. விமானம் வருவதோ 3 டிகிரி சரிவில் ஒரே ஒரு கோட்டில். ஓடுபாதைக்கு 3 கடல் மைல் தொலைவில் அதன் உயரம் சுமார் 290 மீட்டர், ஒரு மைலில் 100 மீட்டருக்கும் கீழே. வட்டமிடும் ஒளிக்கற்றை அந்தக் கோட்டை எங்கோ ஓரிடத்தில் வெட்டிவிட்டுப் போய்விடும். மற்ற இடங்களில் அது பார்ப்பது விமானம் போகாத உயரத்துக் காற்றை. மலையடிவாரத்தில் சில பத்து மீட்டர் உயர வேறுபாட்டுக்கே காற்று வேறாகிவிடும்.

வானாய்வகத்தார் கருவியின் கழுத்துக்கு வேறு நடை சொல்லிக்கொடுத்தார்கள். கிடையாகவும் செங்குத்தாகவும் ஒரே நேரத்தில் திரும்பி, இறங்குபாதையின் கோட்டை ஒளிக்கற்றை தடவிக்கொண்டே போக வேண்டும். தொலைவில் தொடங்கி ஓடுபாதையின் தலைப்புவரை, விமானம் தொடப்போகும் ஒவ்வொரு புள்ளியையும் அது போகப்போகும் உயரத்திலேயே தொட வேண்டும். கேட்டால் எளிதாக இருக்கிறது. கருவியை வடிவமைத்தவர்கள் நினைக்காத அசைவு அது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. லைடார் தன் கற்றையின் நெடுக்கில் வரும் அல்லது போகும் வேகத்தை மட்டுமே அறியும், குறுக்கே வீசும் காற்று அதற்குத் தெரியாது. இது வானிலையாளருக்குப் பெரிய குறை. ஆனால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் நின்று இறங்குபாதை நெடுக நோக்கினால், கற்றையும் பாதையும் கிட்டத்தட்ட ஒரே திசையில் அமைகின்றன. அப்போது கருவி அளக்கும் அந்த ஒரே வேகம் விமானி சந்திக்கப்போகும் எதிர்க்காற்றாகவே ஆகிவிடுகிறது. கருவியின் குறையும் தேவையின் குறுகலும் அச்சாகப் பொருந்தின. கற்றைக்கும் பாதைக்கும் இடையே கோணம் 30 டிகிரியைத் தாண்டாதவரை மட்டுமே அளவை நம்புவது என்று கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு தடவலும் ஒரு வரைகோட்டைத் தரும். கிடையில் தூரம், நெடுக்கில் எதிர்க்காற்று. கோடு சட்டென்று ஏறும் அல்லது இறங்கும் இடம்தான் ஆபத்து. நானூறு மீட்டர், எண்ணூறு மீட்டர், ஆயிரத்து அறுநூறு என்று அளவுகோலை இரட்டித்துக்கொண்டே போய்க் கணினி அந்தச் சரிவுகளைத் தேடும். பல சரிவுகள் இருந்தால் எதைச் சொல்வது? இதற்கு 1980களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் செய்துவைத்த வேலை உதவியது. மாற்றத்தின் அளவைச் சரிவின் நீளத்தினுடைய கனமூலத்தால் வகுத்தால் கடுமை கிடைக்கும் என்ற விதி அதிலிருந்து வந்தது. அதே 20 நாட் இழப்பு எட்டில் ஒரு பங்கு தூரத்துக்குள் நடந்தால் கடுமை இரண்டு மடங்கு. கடுமையில் மிஞ்சியதையே கணினி தேர்ந்தெடுக்கும்.

2005 டிசம்பரில் இந்த முறை தானியங்கி எச்சரிக்கையாகப் பணிக்கு வந்தது. உலகில் முதலாவது. கோபுரத்தில் கட்டுப்பாட்டாளரின் திரையில் விழுவது ஒரு வரிதான். இன்ன ஓடுபாதைக்கு விண்ட்ஷியர் எச்சரிக்கை, மைனஸ் 20 நாட், இரண்டு மைலில். அதை அப்படியே ஒலிவாங்கியில் வாசிப்பார். விமானி கொஞ்சம் கூடுதல் வேகம் வைத்துக்கொள்வார், அல்லது இறங்காமல் மேலெழுந்து சுற்றி வருவார். ஏறத்தாழ நிமிடத்துக்கொரு முறை அந்தப் பாதை புதிதாகத் தடவப்படும்.

எச்சரிக்கைக் கருவி எதுவும் சாகும் இடம் ஒன்றுதான். பொய்யாகக் கூவினால் கேட்பவர் காதை மூடிக்கொள்வார். ‘புலி வருது’ கதை எல்லா ஊரிலும் உண்டு. அதனால் வானாய்வகம் விமானிகளின் அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நமது கருவி சொன்னதா, சொல்லியும் இல்லாமல் போனதா, சொல்லாமல் வந்ததா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. விமானிகள் சங்கங்களோடு சேர்ந்து ஹாங்காங்கின் காற்றைப் பற்றி விமானிகளுக்கென்றே ஒரு கையேடும் போட்டது. கென்னடியில் ஒரு கேப்டனின் வார்த்தை காற்றுமானிக்கு முன்னால் தோற்ற ஜூன் 24-ஐ நினைத்துக்கொண்டால், இங்கே விமானியின் வார்த்தையே கருவிக்கு உரைகல் ஆனது எனக்குச் சின்ன மாற்றமாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1999 ஆகஸ்ட் 22 அன்று, லைடார் வருவதற்கு மூன்று ஆண்டு முன், சாம் என்ற வெப்பமண்டலப் புயலின் நடுவே சைனா ஏர்லைன்ஸ் 642 இங்கே இறங்கியது. வலப்பக்கச் சக்கரம் மோதி, இறக்கை முறிந்து, விமானம் தலைகீழாகப் புரண்டு தீப்பிடித்தது. 315 பேரில் மூவர் இறந்தனர். கீழிறங்கும் வேகத்தைக் கடைசிக் கணத்தில் கட்டுப்படுத்தாததை விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. தரையருகே எதிர்க்காற்று கணநேரம் குறைந்திருக்கலாம் என்பதையும் குறித்தது. லைடார் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: அன்று கொட்டும் மழை. மழையிலும் தாழ்ந்த மேகத்திலும் 2 மைக்ரான் ஒளி சில நூறு மீட்டருக்குள் தேய்ந்துவிடும். தெளிந்த வானில் குருடான ரேடாருக்கு மழையில் கண் தெரியும், மழையில் குருடான லைடாருக்குத் தெளிந்த வானில் கண் தெரியும். ஹாங்காங் இரண்டையும், மலையுச்சிக் காற்றுமானிகளையும், ஓடுபாதைக்கு அப்பால் கடலில் மிதக்கும் மிதவைகளையும் ஒரே எச்சரிக்கை அமைப்பில் கோத்தது. இரு கருவிகள் வெவ்வேறாகச் சொன்னால் எதற்கு முன்னுரிமை என்பதற்கும் விதி உண்டு. 30 நாட் அல்லது அதற்கு மேல் இழப்பு காட்டும் மைக்ரோபர்ஸ்ட் எச்சரிக்கை வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

2006-ல் இரண்டாவது லைடார் வந்தது. ஒரே கருவி இரு ஓடுபாதைகளுக்கும் மாறி மாறிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நிலை மாறி, ஓடுபாதைக்கு ஒன்றாயிற்று. பாதையோடு கற்றையின் கோணமும் இன்னும் குறுகியது. கொலராடோ நிறுவனத்தை அதற்கு முந்தைய ஆண்டே லாக்ஹீட் மார்ட்டின் வாங்கிவிட்டது. 2007-ல் தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் லைடார் பணிக்கு வந்தது, மற்ற ஊர்கள் தொடர்ந்தன. 2022-ல் ஹாங்காங் மூன்றாவது ஓடுபாதையைத் திறந்தபோது, லைடார் இல்லாமல் அங்கே ஓடுபாதை என்பதே நினைத்துப்பார்க்க முடியாததாகியிருந்தது.

காற்றைப் பிந்தித் தெரிந்துகொண்ட ஊர் ஹாங்காங் மட்டுமல்ல. தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா என்ற தீவு. நெப்போலியனைச் சிறைவைத்த இடம். கப்பலைத் தவிர வேறு போக்குவரத்து அறியாத அந்தத் தீவில், செங்குத்தான பாறைகளுக்கு மேலே ஒரு சமவெளியில் பிரிட்டன் பெருஞ்செலவில் விமான நிலையம் கட்டியது. 2016 ஏப்ரலில் ஒரு போயிங் 737 சோதனையாக இறங்க வந்தபோது காற்று அதைத் தூக்கிப்போட்டது. திறப்பு விழா தள்ளிப்போனது, முதல் வழக்கமான பயணிகள் விமானம் 2017 அக்டோபரில்தான் வந்தது. அந்தக் கதை அடுத்த இதழில்.

ஆனால் அந்தத் தீவின் காற்றைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1836 ஜூலையில் பீகிள் கப்பல் அங்கே சில நாள் நின்றது. இருபத்தேழு வயது சார்லஸ் டார்வின் இறங்கித் தீவு முழுக்க நடந்தார். ஒரு பாறை விளிம்பை நெருங்கியபோது, சில கெஜ தூரத்தில் கடற்பறவைகள் பலத்த காற்றை எதிர்த்துத் திணறிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர் நின்ற இடத்தில் காற்றே இல்லை. விளிம்புவரை போய்க் கையை வெளியே நீட்டினார். கையில் காற்று முழு வேகத்தோடு அறைந்தது.

(தொடரும்)